ஏழாம் கிலோமீட்டருக்கு நடந்து வந்த பிளவு

கருந்தாழைத் தீவுக்கு எதுவும் சொன்ன நேரத்துக்கு வந்த சரித்திரம் இல்லை. அரிசிக் கப்பல் அடுத்த மாதம் வரும், மின்சாரம் மழை விட்டால் வரும், மந்திரி தேர்தல் வந்தால் வருவார், அவர் தருவதாகச் சொன்ன பாலம் அதற்கடுத்த தேர்தலில் வரும். ஆகவே, மற்ற தேசங்களில் ஒரு நொடிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடிப் பழகிய பெரிய நிலநடுக்கம் இந்தத் தீவில் கரையேறியதும் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, இங்கே அவசரப்பட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று காலாற நடக்கத் தொடங்கியபோது, ஜனங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலநடுக்கம் வந்துகொண்டிருக்கிறதாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு பாக்கு உரிக்கப் போனார்கள்.

தீவில் இருப்பது ஒரே சாலை. தெற்கு முனையில் ஜெட்டி, வடக்கு முனையில் ஆஸ்பத்திரி, நடுவில் வீடுகள். அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்களைக் கொண்டுவந்து இறக்கிய அரசாங்கம், நிலத்தை இப்போது வைத்துக்கொள்ளுங்கள், ஊர்களுக்குப் பெயர் பிறகு அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனது. பெயர் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் ஜெட்டியிலிருந்து உள்ள தூரமே ஊர்ப்பெயராகி, மூணாம் கிலோமீட்டர் மாப்பிள்ளைக்கு ஒன்பதாம் கிலோமீட்டரில் பெண் எடுத்து, அஞ்சாம் கிலோமீட்டர் காளிக்கு ஆடியில் கூழ் ஊற்றி, எல்லாம் குறையில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

பிளவு ஜெட்டிக்குப் பக்கத்து வீட்டில் தொடங்கியது. சவரிமுத்துவும் ஞானப்பிரகாசமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட அண்ணன் தம்பி. பல வருஷமாகப் பேச்சில்லை. ஒரு காலையில் சவரிமுத்து பல்குச்சியும் கையுமாக வெளியே வந்தவர், எதிரே நின்ற தம்பியைப் பார்த்து, "அப்பா சாகும்போது என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாராமே, ஏண்டா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டார். கேட்க வேண்டும் என்று நினைத்தே இராத கேள்வி. வாய் நழுவிய அதே கணத்தில் தரையும் நழுவியது. நடுச்சுவர் வழியாக வீடு இரண்டாகப் பிளந்து, மேற்குப் பாதி ஒரு சாண் நகர்ந்து நின்றது. அதுவரை அந்த வீடு சுமந்துகொண்டிருந்த பாரம் மொத்தமும் பக்கத்து வீட்டின் மேல் போய் விழுந்தது. பக்கத்து வீடோ ஏற்கெனவே கழுத்து வரை நிறைந்திருந்த வீடு. மறுநாள் காலை அதுவும் பிளந்தது. மாமியாரிடம் மருமகள் எதையோ கேட்டாள். அதற்கடுத்த நாள் அதற்கடுத்த வீடு.

இப்படி ஒரு வீட்டில் இறக்கிய பாரத்தை அடுத்த வீடு வாங்கி, அது தாங்காமல் அதற்கடுத்த வீட்டுக்குத் தள்ள, பிளவு வடக்கே நடந்து வந்தது. போகிற வீட்டிலெல்லாம் தரை விட்டது. தரை விட்ட இடத்தில் வாயும் விட்டது. எவ்வளவு காலம் அடக்கி வைத்திருந்தார்களோ அவ்வளவு தூரம் வீடு நகர்ந்தது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் வீட்டில் விரற்கடை, பங்காளி வீட்டில் சாண், பக்திமான் வீட்டில் முழம்.

ஜனங்கள் சீக்கிரமே இதற்குப் பழகினார்கள். நாளைக்கு யார் வீடு என்று முந்தின மாலையே தெரிந்துவிடுவதால் வசதியாக இருந்தது. வீட்டுக்காரர்கள் பானை சட்டிகளை இறக்கிவைத்து, சாமி படங்களைக் கழற்றிவைத்து, வருகிறவர்களுக்கு டீ போடப் பால் சொல்லிவைத்தார்கள். ஏனென்றால் வருகிறவர்களுக்குக் குறைவில்லை. பெண் பார்க்க வராத சொந்தமும், சாவுக்கு வராத சொந்தமும், பிளவுக்குத் தவறாமல் வந்து, முற்றத்தில் பாய் விரித்து, உள்ளேயிருந்து என்ன வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தன. எங்கள் வீட்டில் ஒளிவுமறைவே கிடையாது என்று சொன்னவர்கள் வீட்டுக்கு இரண்டு பாய் கூடுதலாக வந்தது. நாலாம் கிலோமீட்டர் தையல்காரர் ஒருவர், மனசில் இருந்ததை முன்கூட்டியே தோப்பில் ஒரு தென்னையிடம் சொல்லித் தீர்த்துவிட்டு நிம்மதியாக வந்தார். மரம் கேட்டுக்கொண்டது, வீடு கேட்கவில்லை. அவர் தையல் மெஷின் இன்றைக்கும் மேற்குப் பாதியில் நிற்கிறது, அவர் மனைவி கிழக்குப் பாதியில் இருக்கிறாள்.

ஏழாம் கிலோமீட்டரில் சந்தனமாரிக்கு ஒரு டீக்கடை இருந்தது. கடை முன்பக்கம், வீடு பின்பக்கம். அவளுக்கும் அவள் கணவன் பெத்தபெருமாளுக்கும் கல்யாணமாகி முப்பது வருஷம். அந்த முப்பது வருஷத்தில் அவர்கள் சண்டை போடாத நாள் என்று எதையும் ஊரார் கண்டதில்லை. உப்பு கூடினால் சண்டை, குறைந்தால் சண்டை, சரியாக இருந்தால் நேற்று ஏன் இப்படி இல்லை என்று சண்டை. வெளியூர் விருந்தாளிகள் திகைத்தால், அது ஒன்றுமில்லை, மணி ஆறாகிறது என்று ஊரார் விளக்குவார்கள். வீடும் எஜமானர்களைப் போலவே இருந்தது. சுவர் நேராக நின்றதில்லை, வேலிக்கால் வரிசையில் நின்றதில்லை, வாசல் கதவு வருஷா வருஷம் நிலையில் இடிக்கும், பெத்தபெருமாள் இழைப்புளி எடுத்துச் சீவுவார், போன வருஷமே ஒழுங்காகச் சீவியிருந்தால் இப்போது இடிக்குமா என்று சந்தனமாரி கேட்பாள், அதற்கொரு சண்டை.

இதற்கு நேர் எதிராகத் தெற்குப் பக்கத்து வீடு. அது பிரதான் குலோத்துங்கனுடையது. பஞ்சாயத்துத் தலைவரைத் தீவில் பிரதான் என்பார்கள். தீவிலேயே கெட்டியான சிமென்ட் வீடு, ஒரு கீறல் கிடையாது. அவரும் அவர் மனைவி மரகதமும் ஒருவரை ஒருவர் ஒரு கடுஞ்சொல் சொல்லி யாரும் கேட்டதில்லை. கல்யாண வீடுகளில் மணமக்களை வாழ்த்தும்போது, பிரதான் தம்பதியைப் போல் வாழுங்கள், பக்கத்து வீட்டைப் போல் வாழாதீர்கள் என்று சொல்வது ஊர் வழக்கம். சந்தனமாரி அந்தக் கல்யாணங்களில் பாயசம் குடித்துக்கொண்டே அதைக் கேட்டிருக்கிறாள்.

பிளவு அஞ்சாம் கிலோமீட்டரைத் தாண்டியபோது, பெரிய கரையிலிருந்து நிறைமதி என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் கருவிகளோடு வந்து இறங்கினாள். டாக்டர் பட்டம் வாங்கியவள் என்று தெரிந்ததும் ஊரார் அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டு, முட்டிவலியையும் சர்க்கரையையும் சொல்லத் தொடங்கினார்கள். முதலில் மறுத்துப் பார்த்தவள், பிறகு பையில் ஒரு தைல டப்பா வைத்துக்கொண்டாள். கருவிகளில் ஒன்றைச் சந்தனமாரியின் கொல்லையில் புதைத்தாள். கோணல் சுவரைப் பார்த்து அவள் கண் மின்னியதைச் சந்தனமாரி கேலி என்று எடுத்துக்கொண்டு, அன்றைய டீயில் சர்க்கரையைக் குறைத்தாள்.

பிரதான் கூட்டம் போட்டார். நிறைமதி எழுந்து சொன்னாள். "நமக்குக் கீழ ரெண்டு பெரிய தட்டு இருக்கு. மேற்குத் தட்டு கிழக்குத் தட்டுக்கு அடியில நுழைஞ்சு போகணும். போற வழியில அங்கங்க ஒட்டிக்குது. ஒட்டின இடத்துல பாரம் சேரும். என்னைக்காவது ஒரு இடம் விடும். விட்டா, அது தாங்கின பாரம் பக்கத்து இடத்து மேல ஏறும். அதுவும் நிறைஞ்சிருந்தா அதுவும் விடும். அப்படிக் கைமாறிக் கைமாறிப் போயிக்கிட்டே இருக்கும்."

"எங்கதாம்மா நிக்கும்?" என்று பிரதான் கேட்டார்.

"ரெண்டு விதமான இடத்துல நிக்கலாம். ஒண்ணு, அசைக்கவே முடியாத இடம்."

பிரதான் அந்த இடத்தில் கைதட்டினார். கூட்டமும் தட்டியது. இரண்டாவது எது என்று அவள் சொன்னது கைதட்டலில் யார் காதிலும் விழாமல் போனது. அசைக்க முடியாத வீடு எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பிரதான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். பிளவு என் வாசலில் வந்து தோற்றுத் திரும்பும், ஆனால் மற்றவர்களும் என்னைப் போல அசையாமல் இருந்து ஒத்துழைக்க வேண்டும் என்றார். உடனே அமைதிக் குழு ஒன்று உருவாயிற்று. எந்த வீட்டிலும் யாரும் குரல் உயர்த்தக் கூடாது, குறை சொல்லக் கூடாது, பழசைக் கிளறக் கூடாது.

குழு நேராகச் சந்தனமாரியின் கடைக்கு வந்தது.

"ஏம்மா, உங்க வீட்டுச் சத்தத்தைக் கேட்டுத்தான் அது வழி கண்டுபிடிச்சு வருது," என்றார் பிரதான்.

"அது வர்றது ஜெட்டியிலேருந்து. அங்க வரைக்கும் எங்க சத்தம் கேக்குதாக்கும்?"

"கேக்குது," என்றார் குழுவில் ஒருவர், மனப்பூர்வமாக.

பிரதான் குரலைத் தணித்தார். "உங்க மக வடக்க ஆஸ்பத்திரியில பிள்ளை பெத்துக் கிடக்கா. பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. எடுத்துக்கிட்டு ஓட முடியுமா? கப்பலும் இல்ல. இது உங்க வீட்டைத் தாண்டுச்சுன்னா அங்கதான் போயி நிக்கும். யோசிச்சுக்கங்க."

சந்தனமாரி வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடினாள். அவள் மகள் அமுதினிக்குக் குறை மாதத்தில் பிறந்த பெண்பிள்ளை, உள்ளங்கை அகலம்தான் இருந்தது. பெத்தபெருமாள் தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, "சரிங்க," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே கருத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சத்தம் நின்றது. காலையில் அவர் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பார், அவள் பால் ஊற்றுவாள், அவர் கிளாஸ் கழுவுவார், அவள் ஈரக் கிளாஸைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். கடைக்கு வந்தவர்களுக்கு டீ தொண்டையில் இறங்கவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, ஒருவருக்கொருவர் தலையாட்டி, வாடகைக்கு வந்த இரண்டு குடித்தனக்காரர்களைப் போல் நடமாடினார்கள். மூன்றாவது நாள் வாசல் கதவு இடிக்காமல் மூடியது. சந்தனமாரி திறந்து மூடிப் பார்த்தாள். எண்ணெய் போட்டது போல் போய்ப் பொருந்தியது.

பேச்சு இல்லாத வீட்டில் நினைப்பு ஜாஸ்தி. உப்பு, கதவு, ஈரக் கிளாஸ் என்று தினமும் எதையாவது அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தபோது அடியில் கிடந்தது தெரியவில்லை. இப்போது மேலே கொட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் அடியில் இருந்தது நிமிர்ந்து உட்கார்ந்தது. கல்யாணமான இரண்டாம் வருஷம், ஒரு மழை நாள் காலையில், இவர் தோப்புக்குப் போனபின் அவள் ஒரு துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு ஜெட்டிக்கு நடந்திருக்கிறாள். ஊருக்கு, தாய் வீட்டுக்கு, திரும்பாமல் போய்விட. கப்பலும் அதிசயமாக நின்றிருந்தது. டிக்கெட் ஜன்னலில் இருந்த ஆள் இடமில்லை என்றான். அவள் மூட்டையோடு திரும்பி வந்து, அவர் வருவதற்குள் கஞ்சி வைத்து, அன்று மாலை கஞ்சி ஆறிப்போனதற்கு ஒரு சண்டை போட்டு, அதோடு முடிந்தது. அவருக்கு அது தெரியாது. தெரியாத ஒருவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தாயிற்று.

நிறைமதி ஒரு காலை கருவியைப் பார்த்துவிட்டு வேர்த்துப்போய்க் கடைக்குள் வந்தாள்.

"அம்மா, உங்க வீட்டுல என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல தாயீ. சண்டையே போடல."

"ஐயய்ய, அதான். அன்னைக்குக் கூட்டத்துல நான் சொன்னது யாரு காதுலயும் விழல. அது நிக்கிற ரெண்டாவது இடம், தினமும் கொஞ்சம் கொஞ்சமா நழுவிக்கிட்டே இருக்கிற இடம். அங்க பாரம் சேராது. வர்ற பிளவுக்கு அங்க தின்ன எதுவும் இருக்காது, பசியிலயே படுத்துடும். இந்த ரோட்டுல அப்படி இருந்தது உங்க வீடு ஒண்ணுதான். இப்ப அது ஒட்டிக்கிச்சு." கும்பிடாத குறையாகக் கேட்டாள். "தயவுசெஞ்சு பழையபடி சண்டை போடுங்க."

பெத்தபெருமாள் கிளாஸை வைத்துவிட்டு வந்தார். இருவரும் எதிரெதிரே நின்றார்கள். அவர் தொண்டையைச் செருமி, "குழம்புல உப்பு இல்ல," என்றார்.

"நாளைக்குச் சரியாப் போடுறேன்," என்றாள் சந்தனமாரி.

"சரி."

நிறைமதி முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். அவர்கள் இன்னொரு தடவை முயன்றார்கள். அவள் இழைப்புளியைப் பற்றி ஏதோ சொன்னாள். அவர் ஆமாம் என்றார். இத்தனை நாள் மரியாதை இருவர் நாக்கையும் கெடுத்துவிட்டிருந்தது.

பிளவு பிரதான் வீட்டுக்கு வந்தது. தீவு முழுக்க அன்று ஏழாம் கிலோமீட்டரில் இருந்தது. பிரதான் வெள்ளைச் சட்டை போட்டு, கூடத்தில் நாற்காலி போட்டு, மனைவியைப் பக்கத்தில் நிற்கவைத்து, தோற்கப்போகிற பிளவுக்காகக் காத்திருந்தார். காலை வெயில் முற்றத்தைத் தொட்டபோது தரை ஒருமுறை முனகியது. மரகதம் அவர் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சமையல்கட்டு வாசற்படியில் போய் நின்றாள்.

"எனக்குச் சுறாப்புட்டு பிடிக்காது," என்றாள்.

பிரதான் சிரித்தார். கூட்டத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

"கல்யாணத்து மறுநாள் நல்லாருக்கான்னு கேட்டீங்க. உங்கம்மா பக்கத்துல நின்னாங்க. நல்லாருக்குன்னேன். அன்னைலேருந்து வாரத்துக்கு ரெண்டு தடவை அதை ஆக்கித் தின்னுக்கிட்டிருக்கேன். அதுகூடப் பரவால்ல. நீங்க அதுக்கப்புறம் என்கிட்ட எதையுமே கேக்கல. எதையுமே." பிறகு அவள் நிறுத்தவில்லை. குரலை உயர்த்தவுமில்லை. சாவி கேட்கிற குரலில், கத்தரிக்காய் விலை சொல்கிற குரலில், அத்தனை வருஷத்தையும் ஒரே மூச்சில் எடுத்து வெளியே வைத்தாள். கெட்டிச் சிமென்ட் நடுவில் கிழிந்து, கூடமும் நாற்காலியும் வெள்ளைச் சட்டையும் மேற்கே மூன்று முழம் போய், சாலையோரப் பள்ளத்தில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றன. சமையல்கட்டும் மரகதமும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இதுவரை பிளவு வந்த வழியில் அவ்வளவு தூரம் எந்த வீடும் போனதில்லை. பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து, சத்தமில்லாமல் பாயைச் சுருட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஏதோ வேலை இருந்தது.

அந்த வீடு இறக்கிய பாரம் மொத்தமும் சந்தனமாரியின் வீட்டு மேல் ஏறியது. உத்தரம் நெறிந்தது. இந்த முறை மறுநாளுக்குக் காத்திருக்கப்போவதில்லை என்று தெரிந்தது. நிறைமதி வாசலில் நின்று, "வெளிய வந்துருங்க," என்று கத்தினாள். பெத்தபெருமாள் வரவில்லை. அடுப்படியில், அவளுக்கு எதிரே, துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"அன்னைக்குக் கப்பல்ல இடமில்லன்னு உன்கிட்ட யாரு சொன்னா?" என்று கேட்டார்.

சந்தனமாரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "என்னைக்கு?"

"மழை பெஞ்ச அன்னைக்கு. மூட்டையோட போனியே."

"டிக்கெட்டுக்காரன் சொன்னான்." அவள் ஓரடி முன்னே வந்தாள். "உனக்கெப்படிய்யா தெரியும்?"

"நான்தான் அவனைச் சொல்லச் சொன்னேன். தோப்புக்குப் போனவன் அருவாளை எடுக்கத் திரும்பி வந்தப்ப நீ மூட்டை கட்டுறதைப் பார்த்தேன். குறுக்கு வழியா ஓடினேன். கப்பல் பாதி காலியாத்தான் போச்சு."

தரை ஒரு விரற்கடை மேற்கே போனது. பானை ஒன்று உருண்டது. இருபத்தெட்டு வருஷம். அவளுக்கு எதைத் தூக்குவது என்று தெரியாமல் கையில் அகப்பட்ட கரண்டியைத் தூக்கி, எறியாமல், அதை வைத்துக்கொண்டு நின்றாள்.

"யோவ், நான் போயிருப்பேன்," என்றாள்.

"தெரியும்."

"திரும்பி வந்திருக்கமாட்டேன்."

"அதும் தெரியும்." இன்னொரு விரற்கடை.

"உனக்கு யாரு குடுத்தா அந்த அதிகாரத்தை? இருன்னு எங்கிட்டச் சொல்ல வாய் வரல, அவன்கிட்டப் போயி இடமில்லன்னு சொல்லச் சொல்லியிருக்க."

"சொன்னா நீ இருந்திருப்பியா?"

"சொல்லிப் பார்த்திருக்கணும்ல?" அவள் அழுதாள். அழுதுகொண்டே கரண்டியை அவர் மார்புக்கு நேரே ஆட்டினாள். "சொல்லிப் பார்த்துட்டு, நான் போறேன்னு சொன்னா மூட்டையத் தூக்கிக்கிட்டு வந்து ஏத்திவிட்டிருக்கணும்."

"விட்டிருப்பேன்."

"பொய்."

"ஆமா, பொய்தான்," என்றார் பெத்தபெருமாள். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "விட்டிருக்கமாட்டேன். கால்ல விழுந்திருப்பேன். அதுக்கு வெக்கம். அதான் அவன் கால்ல விழுந்தேன்."

மற்ற வீடுகளில் வாய் திறந்தவர்கள் மொத்த காலத்தையும் ஒரே மூச்சில் கொட்டினார்கள், வீடும் ஒரே பாய்ச்சலில் போனது. இவர்களுக்கு அப்படிப் பேசிப் பழக்கமில்லை. அவள் ஒன்று சொல்லுவாள், அவர் ஒன்று சொல்லுவார், அவள் அதை மறுப்பாள், அவர் வேறொன்றைக் கிளப்புவார். இத்தனை வருஷப் பழக்கம் திரும்பி வந்து நாக்கில் உட்கார்ந்தது. ஒவ்வொரு பேச்சுக்கும் தரை ஒரு நூல், ஒரு விரல் என்று அரக்கி அரக்கிப் போனது. கப்பலிலிருந்து கஞ்சிக்கு வந்தார்கள், கஞ்சியிலிருந்து அவள் தம்பி கல்யாணத்துக்கு அவர் போகாததற்கு வந்தார்கள், அங்கிருந்து மறுபடி கப்பலுக்குப் போனார்கள். மத்தியானத்துக்குள் வீடு ஒரு சாண் நகர்ந்திருந்தது. இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது. நிறைமதி கொல்லையில் மண்டியிட்டுக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்து, "நின்னுடுச்சு," என்றாள்.

சந்தனமாரி அடுப்பைப் பற்றவைத்தாள்.

"இதை நான் விடமாட்டேன்," என்றாள், அவர் பக்கம் திரும்பாமல். "நாளைக்கும் கேப்பேன். நாளன்னைக்கும் கேப்பேன்."

"கேளு," என்றார் பெத்தபெருமாள், ஈரக் கிளாஸை நீட்டினார்.

ஊர் நன்றி மறக்காது. பிரதான், பள்ளத்தில் ஒரு காலும் மேட்டில் ஒரு காலுமாக இருந்த கூடத்திலிருந்தே கூட்டம் போட்டு, சந்தனமாரி தம்பதிக்குப் பொன்னாடை போர்த்தினார். அமைதிக் குழு அன்றே கலைக்கப்பட்டு, அதே ஆட்களைக் கொண்டு சண்டைக் குழு அமைக்கப்பட்டது. வீட்டுக்கு வீடு தினமும் மாலை குறைந்தது ஒரு சண்டை போட வேண்டும், சண்டையில் மரியாதைக் குறைவான சொற்கள் வரக் கூடாது, குழு உறுப்பினர் வந்து கேட்டுவிட்டுப் போவார். முன்னோட்டமாக மேடையில் கொஞ்சம் சண்டை போட்டுக் காட்டும்படி தம்பதியிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். பெத்தபெருமாள் அதை வாங்கி, வீட்டில் வேலை இருக்கிறது என்று அதில் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வடக்கே இருந்த ஊர்களில் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். தங்கள் நல்ல நடத்தையால்தான் பிளவு தங்கள் பக்கம் வரவில்லை என்று அங்கே ஒரு கருத்தும் நிலவியது.

நிறைமதி மட்டும் சந்தோஷமாக இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு விடைபெற வந்தவள் வேலியோரம் நின்றாள்.

"நின்னதென்னவோ நின்னுடுச்சும்மா. ஆனா நின்ன இடத்தோட விளிம்புல கொஞ்சம் பாரம் மிச்சம் இருக்கும். அது இப்ப இந்த வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கு. அங்க எப்படி?"

வேலிக்கு அந்தப் பக்கம் போஸ்ட்மாஸ்டர் வீடு. அவர் மனைவி பூரணம். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். யார் என்ன கேட்டாலும் கொடுப்பாள், யார் என்ன சொன்னாலும் சிரிப்பாள். சுவரில் ஒரு கீறல் இல்லாத வீடு. அதற்கு வடக்கே பள்ளிக்கூடம், பிறகு வரிசையாக வீடுகள், கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிள்ளை.

நிறைமதியின் ஜீப் போனபிறகு சந்தனமாரி வேலியைச் சுற்றிக்கொண்டு அந்த வீட்டு முற்றத்துக்குப் போனாள். பூரணம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பூரணம், உனக்கு எம்மேல வருத்தம் ஏதாச்சும் இருக்கா?"

"ஐயோ, என்னக்கா இது. ஒண்ணுமில்லையே."

"எங்க வீட்டுச் சத்தத்துல நீ ஒரு நாள் தூங்கியிருக்கமாட்ட."

"பழகிடுச்சுக்கா."

"உன் முருங்கையில நான் கேக்காமத்தான் காய் ஒடிக்கிறேன்."

"ஒடிச்சுக்கங்கக்கா. நம்ம மரந்தானே." பூரணம் சிரித்தாள். சந்தனமாரியின் காலுக்கடியில் மண் மிகத் தாழ்வாக முனகியது. ஒரு மனுஷியின் நல்ல குணம் இப்படிப் பயங்காட்டும் என்று அவள் நினைத்ததில்லை. வேறு வழியில்லாமல், வாயில் வந்ததைச் சொன்னாள்.

"ஊர்ல உன்னை நல்லவன்னு சொல்றாங்க. எனக்கென்னவோ, உனக்கு ரோஷமே கிடையாதுன்னு தோணுது."

முறம் நின்றது. பூரணத்தின் சிரிப்பு அதே இடத்தில் இருந்தது, ஆனால் உதட்டோரம் ஒரு தடவை துடித்தது. அரிசியில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"கோழி," என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

"என்ன?"

"உங்க கோழி என் கீரைப்பாத்தியக் கிண்டுதுக்கா. தினமும்."

வேலிக்கால் ஒரு விரற்கடை சாய்ந்து நின்றது. தரை மூச்சு விட்டது போல் இருந்தது.

"வேற?" என்றாள் சந்தனமாரி.

பூரணம் முறத்தை ஓரமாக வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, படியில் கிடந்த உமியைக் கையால் தள்ளி இடம் பண்ணினாள்.

"உக்காருங்கக்கா," என்றாள். "நேரமாகும்."